உலையும் கூரையும்: தமிழ் இலக்கியத்தில் மனைவகை

கூட்டுக் குடும்பம் சிதைந்து தனிக் குடும்பம் தோன்றிற்று என்னும் கூற்று, நம் இலக்கிய ஆய்வுகளில் ஆராயப்படாத முதற்கோளாகவே வழங்கி வருகின்றது. புதினங்களை ஆராய்வார் அச்சிதைவையே கதையின் பின்புலமாகக் கொள்வர். சங்கச் செய்யுட்களை ஆராய்வாரோ, சிதையுமுன் இருந்த முழுமைக்கு அச்செய்யுட்களைச் சான்றாகக் காட்டுவர். இவ்விரு சாராரும் ஒருவர்க்கொருவர் துணை நிற்றலின், இடையிலுள்ள வினா எழாமலே போகின்றது. சிதைவு என்னும் இக்கருத்து நூல்களினின்று பெறப்பட்டதா, அன்றி நூல்களின்மேல் ஏற்றி உரைக்கப்பட்டதா என்பதே அவ்வினா. ஏற்றி உரைக்கப்பட்டது என்பதே என் துணிபு. அதனை நிறுவுவதற்குரிய சான்றுகள் சிலவற்றை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வினாவை நூலகத்தினும் நாட்டுப்புறமே கூர்மையாக எழுப்புகின்றது. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோவில் வட்டத்தை எடுத்துக்கொள்வோம். தென்வெள்ளாறு கடலை அணுகும் நாடு இது. கண்மாய் நீரை நம்பிய வேளாண்மை; மழை பொய்ப்பின் விளைவும் பொய்க்கும். கிழக்கே மீமிசலும் அதனையடுத்த கடற்கரை ஊர்களும் நெடுங்காலமாகக் கடல்வழி வாணிகம் அறிந்தவை. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றோரின் வழியினர் இன்று வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றனர். கடற்கரை முஸ்லிம் மக்கள் அங்ஙனம் சென்றாரைச் ‘சபுராளி’ என்பர். 2011-ஆம் ஆண்டின் மக்கட்டொகைக் கணக்கில், தமிழகம் முழுமைக்கும் ஆடவர் ஆயிரவர்க்குப் பெண்டிர் 996 ஆக இருக்க, புதுக்கோட்டை மாவட்டத்தில் அவ்வெண் 1015 ஆக இருந்தது. ஆடவர் வெளியேறி வாழ்தல் இதற்குரிய காரணங்களுள் ஒன்றாதல் கூடும். 2015-இல் நிகழ்ந்த தமிழகப் புலம்பெயர்வு அளவாய்வு, வெளிநாடு சென்று வாழும் தமிழகத்தார் ஏறத்தாழ 22 இலட்சத்தவர் எனக் கணித்தது.

இத்தகையான் ஒருவனது இல்லத்தை எண்ணிப் பார்க்க. கணவன் சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதியில் உண்கின்றான். மனைவி, மக்கள், கணவனின் தாய் ஆகியோர் ஊரில் ஓர் உலையில் சமைத்து உண்கின்றனர். பொருள் அவனுடையது, ஆட்சி அவளுடையது, வீடு மாமியாருடையது. மூத்த மகள் பள்ளியின் பொருட்டு அறந்தாங்கியில் தாய்வழிப் பாட்டியோடு இருக்கின்றாள். இது கூட்டுக் குடும்பமா, தனிக் குடும்பமா? இரண்டனுள் ஒன்றில் அடக்கினால், எஞ்சியது நம் கண்ணுக்குத் தப்பிவிடும். அதுவே நாம் அறிய வேண்டுவது. இந்தியக் கணக்கெடுப்பு ‘குடித்தனம்’ என்பதற்கு உறவைக் கேளாது, பொதுச் சமையலையே அளவையாகக் கொள்கின்றது. அவ்வளவை ஆய்வாளர்க்கும் பயன்படும். ஒரே கூரையின்கீழ் உலைகள் பலவாதல் உண்டு. ஓர் உலைக்கு உரியார் பல கூரைகளின்கீழ்ப் பரந்திருத்தலும் உண்டு. (ஆவுடையார்கோவில் கருவறையில் இலிங்கத் திருவுரு இல்லை, ஆவுடை மட்டுமே உண்டு என்பதும், ஆண்டுப் படைக்கப்படுவது புழுங்கலரிசிச் சோற்றின் ஆவியே என்பதும் பலரும் அறிந்தவை. உலையின் வெப்பமே படையலாகும் ஊரில் இவ்வளவையைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை.)

இனி நூல்களுக்கு வருவோம்.

தொல்காப்பியச் செய்யுளியல் அகத்திற்குரிய கூற்று நிகழ்த்துவோரை எண்ணித் தருகின்றது. களவிற்குப் பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி என அறுவர். கற்பிற்கு இவரோடு பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் என்பாரும் சேர்வர். இப்பட்டியலில் தலைவனின் தாய்க்கு இடமில்லை. கூட்டுக் குடும்பமே பண்டைத் தமிழர் மனையின் இயல்பான வடிவம் எனின், அம்மனையின் நடுவில் நின்று ஆளுதற்குரிய மாமிக்குக் கற்புப் பகுதியில் ஒரு கூற்றேனும் அமைந்திருத்தல் வேண்டும். பரத்தைக்கு உள்ள கூற்று மாமிக்கு இல்லை.

இன்மையைச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்துமோ எனின், உண்மையும் அதற்கு அரணாக நிற்கின்றது. மணமான தலைவியின் இல்லத்தைச் செவிலி சென்று கண்டு, மீண்டு நற்றாய்க்கு உரைக்கும் துறை அகத்தில் நிலைபெற்ற ஒன்று. கூடலூர் கிழாரின் குறுந்தொகை 167-ஆம் பாட்டில் தலைவி தானே தயிர் பிசைந்து, தானே துழந்து அட்டு, கணவனுக்கு இடுகின்றாள். அவன் உண்டு மகிழ்வதில் அவள் முகம் மலர்கின்றது. அட்டிலில் வேறொருவர் இல்லை. புகையும் அவளுடையது, பாராட்டும் அவளுடையது. போதனாரின் நற்றிணை 110-இல், பிறந்த வீட்டில் பாலுண்ண மறுத்து ஓடிய சிறுமி, கணவன் குடி வறனுற்ற காலத்தும் தந்தையின் சோற்றை நினையாது பொழுது மறுத்து உண்ணும் வன்மையுடையளானாள். ஐங்குறுநூற்று முல்லையில் பேயனார் பாடிய செவிலி கூற்றுப் பத்தில் காணப்படுவோர் கணவன், மனைவி, மகன் என்னும் மூவரே. அவ்வில்லத்திற்கு வெளியிலிருந்து வருபவள் செவிலி. அவள் பெண்வீட்டினள். மகன்வீட்டார் எங்கே என்று எவரும் வினவுவதில்லை.

அகம் புலனெறி வழக்கு. அதனை வாழ்வின் நேர்ப்பதிவாகக் கொள்ளலாகாது என மறுப்பாரும் உளர். அம்மறுப்பு முற்றும் தக்கதே. ஆயின் அஃது இருபுறமும் வெட்டும். அகப்பாடல்கள் தனிமனைக்குச் சான்றாகா எனின், கூட்டுக் குடும்பத்திற்கும் சான்றாகா. எனினும் வழக்கு என்பது வாழ்வினின்றே தேர்ந்தெடுக்கப்பெறுவது. செவிலி சென்று வரும் துறை நகைப்பிற்கிடமாகாமல் நிலைபெற வேண்டுமாயின், கேட்போர் அத்தகைய இல்லத்தை அறிந்திருத்தல் வேண்டும்.

சிலப்பதிகாரம் இதனினும் தெளிவானது. மணம் முடிந்தபின் கோவலனையும் கண்ணகியையும் வேறு மனையில் இருத்தி இல்லறம் நடத்தச் செய்தவள் கோவலனின் தாயே என்பது மனையறம்படுத்த காதையால் விளங்கும். அதனைப் பிரிவு என இளங்கோவடிகள் வருந்தவில்லை. இல்லறப் பயிற்சியாகவே காட்டுகின்றார். பின்னர்க் கொலைக்களக் காதையில், மாமனும் மாமியும் தன்பால் அன்பு காட்டிப் பாராட்டியபோது உள்ளத்து நோயை மறைக்கப் பொய்ம்முறுவல் காட்டியதைக் கண்ணகி கூறுகின்றாள். இவ்விடத்தின் துயரம் வேறு மனை வாழ்வினின்று பிறப்பது. ஒரே மனையில் வாழ்ந்திருப்பின், மகன் வாராத இரவுகளை அவர் நாடோறும் கண்டிருப்பர். முறுவலால் மறைத்தற்கு ஒன்றும் இருந்திராது. மனைவடிவத்தை மறந்து படிப்பார்க்குக் கண்ணகியின் பண்பு மட்டும் தோன்றும். மறவாது படிப்பார்க்கு, அப்பண்பு வெளிப்படுதற்குக் களமான தனிமையும் தோன்றும்.

இவ்வழக்கம் இறந்துபட்டதன்று. ஆவுடையார்கோவிலுக்கு மேற்கே செட்டிநாட்டில் நகரத்தார் மணமக்களை ‘வேறு வைத்தல்’ நாம் அறிந்ததே. பெருவீடு ஒன்று, வாயில் ஒன்று, வளவும் ஒன்று. ஆனால் மணமான மக்கள் ஒவ்வொருவர்க்கும் உலை வேறு, கணக்கு வேறு. நகரத்தார் கோவில்களில் மணமான இணை ஒவ்வொன்றும் ஒரு ‘புள்ளி’யாக எண்ணப்படும். வெளியே நின்று காண்பார் அவ்வீட்டைக் கூட்டுக் குடும்பத்தின் நினைவுச்சின்னம் என்று படமெடுத்துச் செல்கின்றனர். உள்ளே அடுப்புகளை எண்ணியவர்க்கு அது தனிக் குடித்தனங்களின் தொகுதி. ஆய்வாளர் நின்று காணும் இடம் எத்துணை வேறுபாட்டை விளைக்கின்றது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.

சமூகவியலார் இதனை அறுபது ஆண்டுகட்கு முன்பே கண்டனர். பாலின் கோலண்டா 1968-இல் இந்தியப் பகுதிகளை ஒப்பிட்டு, கூட்டுக் குடும்பம் எங்கும் ஒரே அளவினதன்று என நிறுவினார். பிரமலைக் கள்ளரைப் பற்றி லூயி துய்மோன் 1957-இல் வெளியிட்ட நூலும் அவர்க்குப் பயன்பட்டது. மணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டின் துணை வலுவாக உள்ளவிடத்து மகன் தந்தையின் உலையை விட்டு விரைவிற் பிரிகின்றான் என்பது அவர் தரும் விளக்கங்களுள் ஒன்று. செவிலி சென்று வரும் துறையை இவ்விளக்கத்தோடு வைத்துப் படித்தல் நலம். ஏ. எம். ஷா 1973-இல் வெளியிட்ட நூலில் குடும்பம் வேறு, மனை வேறு எனப் பிரித்து, முன்னது தேய்ந்தது என்னும் பொதுநம்பிக்கையை வினவினார். தமிழ்த்துறைகள் இவற்றைப் படியாமலே சிதைவைப் பாடிக்கொண்டிருத்தல் வியப்பளிக்கின்றது.

கண்ணகியின் மனை பற்றி நூறு நூல்கள் எழுந்துள்ளன. மாதவியின் மனையை மனையாகவே எவரும் எண்ணுவதில்லை. சித்திராபதி, மாதவி, மணிமேகலை என மூன்று தலைமுறைப் பெண்டிர் வாழ்ந்த இல்லம் அது. அதற்கு ஆண் தலைவன் இல்லை. பொருளீட்டல், கலைபயிற்றல், மகவை வளர்த்தல், மூத்தாளோடு முரணுதல் ஆகிய அனைத்தும் அம்மனையில் நிகழ்ந்தன. ‘பரத்தையர் மனை’ என்னும் பெயர் தந்தபின் ஆராய்ச்சி அங்கே நின்றுவிடுகின்றது. சாத்தனார் நிற்கவில்லை. ஊரலர் உரைத்த காதையில், மகளை ஆடரங்கிற்கு அழைத்த வயந்தமாலைக்கு மாதவி விடையிறுக்கும்போது, மணிமேகலையைத் தன் மகளென்னாது, மதுரையை எரியூட்டிய பத்தினியின் மகள் என்கின்றாள். பெற்றவள் தானாக இருந்தும் தாய்மையைக் கண்ணகிக்கு உரிமையாக்குகின்றாள். கண்ணகி மணிமேகலையை வளர்த்தவளும் அல்லள். குருதியுமின்றி வளர்ப்புமின்றிச் சொல்லால் நிறுவப்பட்ட தாய்–மகள் உறவு இது. கற்பின் பெருமைக்கு எடுத்துக்காட்டு எனச் சொல்லி இவ்விடத்தைக் கடத்தல் போதாது. உறவு பிறப்பால் மட்டும் அமைவதன்று, தேர்ந்து உரைப்பதாலும் அமையும் என்னும் துணிவைத் தமிழ்க் காப்பியம் ஒன்று தன் கதையின் அச்சாகக் கொண்டுள்ளது.

உரையாசிரியர்களும் தத்தம் காலத்து மனையைக் கொண்டே படித்தனர். குறளின் இல்வாழ்க்கை அதிகாரத்து முதற்பாவில் இல்வாழ்வான் துணையாகும் மூவர் யாவர்? பரிமேலழகர் பிரமசரியம், வானப்பிரத்தம், சன்னியாசம் என்னும் நிலைகளில் நிற்பாரைக் கொண்டார். இருபதாம் நூற்றாண்டில் கலைஞர் மு. கருணாநிதி பெற்றோர், வாழ்க்கைத் துணை, குழந்தைகள் எனக் கொண்டார். முன்னவர்க்கு இல் என்பது மனைக்கு வெளியே உள்ளாரைத் தாங்கும் நிலையம். பின்னவர்க்கு அது தன் உறுப்பினரைத் தாங்கும் கூடு. சொல் மாறவில்லை, மனை மாறிற்று. ‘குடும்பம்’ என்னும் சொல்லும் இத்தகையதே. குடிசெயல்வகை அதிகாரத்தில் அது வந்துள்ளது. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் ஊரின் முப்பது பகுதிகளைக் ‘குடும்பு’ என்கின்றன. அச்சொல் வடமொழியா தமிழா என்னும் வழக்கு ஈண்டு வேண்டா.

மீண்டும் ஆவுடையார்கோவில் மனைக்கு வருவோம். பொருள்வயிற் பிரிவுக்குத் தொல்காப்பியம் இரண்டு வரம்புகளைக் காட்டுகின்றது. ஒன்று இடம் பற்றியது: அகத்திணையியலில், முந்நீர்ச் செலவு மகளிரோடு இல்லை என்னும் கருத்தினதாகிய நூற்பா. இளம்பூரணர் முந்நீர் என்பதைக் கடலென்றே கொண்டார். நச்சினார்க்கினியர் ஓதல், தூது, பொருள் என்னும் மூன்றன் நீர்மை என்று பிறிதொரு வழி கண்டார். மற்றொன்று காலம் பற்றியது: கற்பியலில், வேந்தன் தொழிலுக்கு ஓராண்டின் அகம் எனவும், ஏனைப் பிரிவும் அவ்வியல்பினதே எனவும் வரையறுத்தல். முதல் வரம்பு இன்று ஒரு புதுவகையில் நிலைபெற்றுள்ளது. குறைந்த ஊதியத் தொழிலாளன் மனைவியை உடனழைத்துச் செல்ல வளைகுடா நாடுகளின் விதிகள் எளிதில் இடங்கொடா. இரண்டாம் வரம்போ உடைந்தது. ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டாண்டு, அது புதுப்பிக்கப்படும், அவன் விடுப்பில் வந்து மீள்வான்.

அகத்தில் பிரிவு இடைநிகழ்ச்சி, மீட்சி முடிவு. ஈண்டுப் பிரிவே மனையின் நிலை, மீட்சி இடைநிகழ்ச்சி. இம்மாற்றத்தைத் திறனாய்வாளர் உணர்ந்தாரல்லர். கணவனைப் பிரிந்த கண்ணகி, அறவோரைப் பேணலும் விருந்து எதிர்கொள்ளலும் இழந்தேன் என இரங்கினாள். கணவன் உடனில்லாத மனை அறம் இயற்றலாகாது என்பது அக்கால நெறி. இற்றை நாளில் ஆவுடையார்கோவிலில் விருந்து ஓம்புவாளும், மொய் எழுதுவாளும், வங்கிக்குச் செல்வாளும், வயலைக் குத்தகைக்கு விடுவாளும் அவளே. முல்லையின் ‘இருத்தல்’ என்னும் உரிப்பொருளைக் காத்திருத்தல் என்றே நாம் மாணவர்க்குப் பயிற்றுகின்றோம். நடத்தியிருத்தல் என்னும் பொருளும் அதற்கு இன்று உண்டு. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) ஆடவர் பொருள்தேடி அகன்றிருக்கும் முஸ்லிம் பெண்டிர் உலகை அகத்தேயிருந்து எழுதிற்று. அதனைப் ‘பெண்ணின் ஏக்கம்’ எனச் சுருக்கும் மதிப்புரைகள் ஏக்கத்தைக் கண்டன. அடுப்பங்கரையின் அதிகாரத்தையும் பெண்டிர்க்கிடையே நிகழும் ஆட்சிப் போரையும் காணவில்லை. அந்நூலின் வலிமை பின்னதிலேயே உளது என்பது என் கருத்து.

இலக்கியம் மனைவடிவத்தைக் காட்டுவதோடு அமையாது, அதனை மாற்றவும் துணை செய்ததுண்டு. நாஞ்சில் நாட்டு வேளாளரின் மருமக்கள்வழி உரிமையைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை மான்மியம் பாடி எள்ளினார். அதில் பேசுவாள் காரணவரின் ஐந்தாம் மனைவி. 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் நிறைவேறிற்று. சட்டத்திற்குப் பாட்டு ஒன்றே காரணம் என்றல் மிகை. கிளர்ச்சி ஏற்கெனவே இருந்தது. ஆயினும் தந்தைவழிக் கூட்டு மனையே தமிழர்க்குப் பொது என்பாரை இந்நூல் ஒன்றே மறுக்கும்.

இக்காலப் புதினத்தில் என்னைக் கவர்வன சிதைவைப் புலம்புவன அல்ல. ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ (1970) தமையனால் வெளியேற்றப்பட்ட கங்கையும் அவள் தாயும் வாழும் இல்லத்தைக் காட்டுகின்றது. மகள் ஈட்டுகின்றாள், தாய் சமைக்கின்றாள், ஒழுக்கத்தின் காவலும் தாயிடமே. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ (1973) ஜமுனா, சாயா என்னும் உடன்பிறந்தார் இருவரின் வாடகைக் குடியிருப்பைக் காட்டுகின்றது. அங்கு மனையைக் கட்டி நிறுத்துவது உறவினும் குடத்து நீரே. முன்னதில் ஆசிரியர் வழக்காடுகின்றார், பின்னதில் வழக்காடவில்லை. இரண்டனுள் பின்னதே மனையை நன்கு கண்டது. சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’, பிறந்த மனை ஏலாத சுயம்பு மேகலையாகி, திருநங்கையர்க்குள் மகளாக ஏற்கப்படும் உறவை எழுதிற்று. நடையில் அந்நூல் ஆங்காங்குச் செய்தித்தாள் சாயல் பெறுகின்றது, மேடைப்பேச்சும் உண்டு. ஆயினும் மாதவி சொல்லால் நிறுவிய தாய்–மகள் உறவுக்கு அடுத்து, அவ்வகை உறவைத் தமிழில் முழு மனையாக எழுதிக் காட்டிய நூல் அதுவே என மதிக்கின்றேன். லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு 2007-இல் வெளிவந்தபின், அம்மனையைப் பற்றிப் பிறர் எழுதிய நிலை மாறி, அதிலிருந்தார் எழுதும் நிலை வந்தது.

நீதிமன்றங்களும் இவ்வழியே வந்துள்ளன. மணமாகா இணையர், தன்பாலிணையர் முதலாயினாரின் மனைகளும் சட்டக் காப்புக்கு உரியன என உச்சநீதிமன்றம் 2022 ஆகஸ்டில் கூறிற்று. குடும்பம் அமைத்தற்கு மணம் ஒன்றே வழியன்று. தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2025 மேயில் கூறிற்று. நீதியரசர்க்கு மணிமேகலையின் இரண்டாங் காதையை மேற்கோளாகக் காட்டுவார் எவரும் இருந்திலர் போலும்.

சொல்லாராய்ச்சிக்குரிய அரசு ஆவணம் ஒன்றும் உண்டு. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் திங்கள்தோறும் 1000 உரூபா வழங்குதற்குக் ‘குடும்பத் தலைவி’ யார் என வரையறுக்க நேர்ந்தது. குடும்ப அட்டையில் தலைவன் ஆணாயின் அவன் மனைவி தலைவி. மணமாகாத தனித்த பெண்டிர், கைம்பெண்டிர், திருநங்கையர் ஆகியோர் தலைமையிலமைந்த இல்லங்களில் அவரே தலைவியர். அகத்தில் தலைவனோடு இணைத்தன்றித் தலைவி என்னும் சொல் வழங்கியதில்லை. இவ்வாணையில் தலைவனில்லாத தலைவி எழுத்தில் இடம்பெற்றாள். ஆயினும் அட்டை ஒன்றுக்குத் தலைவி ஒருத்தியே. ஒரே அட்டையில் பெயருள்ள மாமியும் மருமகளும் ஈருலை வைப்பின், கணக்கு ஒன்றையே காணும். அட்டையைப் பிரித்துக்கொள்ள விண்ணப்பிப்பாரைச் சூழ்ச்சியினர் என ஊரார் சிரிப்பதுண்டு. அவர் செய்வது கோவலன் தாய் செய்ததே.

மாமிக்கு அகம் கூற்றளிக்கவில்லை என முன்னர்க் கண்டோம். வாய்மொழிப் பாடல்கள் அளித்தன. தாலாட்டில் தாய்மாமன் பெறும் இடம் தந்தைக்கும் அரிது. ஒப்பாரியில் மருமகள் மாமியின் மனையையும் பிறந்த மனையையும் ஒருங்கே வைத்து எடைபோடுகின்றாள். ஆவுடையார்கோவில் மனையை ஆராய்வார்க்கு எட்டுத்தொகையினும் இப்பாடல்களே நெருங்கிய சான்று. ஆனால் அச்சேறிய நாட்டுப்பாடல் தொகுப்புக்கள் பலவற்றில் ஊர்ப்பெயரும் சாதிப்பெயரும் இருக்கும். பாடியவள் அப்போது எவருடைய மனையில் இருந்தாள், எவரோடு உலை வைத்தாள் என்னும் குறிப்பு இராது.